வீட்டில் ஒரு பித்தளைத் தொலைநோக்கி: கடையில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில்கள்

செங்கோட்டையில் எங்களுக்குப் பாத்திரக்கடை. தாத்தா கடையைத் தொடங்கியபோது ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல் இந்தப் பக்கம் சேர்ந்தது. கடைக்கு வருகிற கூட்டம் மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான். புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூரிலிருந்து வருகிறவர்கள் ‘பிச்சள’ என்று கேட்பார்கள், நாங்கள் பித்தளை என்று எடுத்து வைப்போம். குத்துவிளக்கு, உருளி, கிண்டி இவற்றுக்கு நடுவே சில வருடங்களாகப் பித்தளை டெலஸ்கோப்பும் வைத்திருக்கிறோம். பால்காய்ச்சு வீட்டுக்கும் பிறந்த நாளுக்கும் பரிசாக வாங்கிப் போகிறார்கள். சின்னதாகக் கையில் மடங்குவதும் உண்டு, மூன்று கால் மரத்தாங்கியோடு இடுப்பு உயரம் நிற்பதும் உண்டு.

வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் யாரும் கேட்காவிட்டாலும் பில் போடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன். அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

அண்ணாச்சி, அலங்காரத்துக்கு வாங்குவதுதானே? இதில் சூரியனை ஒரு நொடி பார்த்தால் என்ன ஆகிவிடும்?

கண் போய்விடும். சுற்றி வளைக்காமல் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும், ஆனால் இதை இப்படித்தான் சொல்ல முடியும்.

நல்ல வெயிலில் நம் கண்ணின் பாவை சுருங்கி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். எங்கள் கடையில் விற்கும் நடுத்தர டெலஸ்கோப்பின் முன் லென்ஸ் 38 மில்லிமீட்டர். அந்த அகலம் முழுவதிலும் விழுகிற வெயிலை அது திரட்டிக் கண்ணுக்குள் அனுப்புகிறது. கணக்குப் போட்டால் வெறுங்கண்ணுக்குள் போவதைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல். சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காகிதத்தைப் பொசுக்கியிருப்போமே, அதே வேலை கண்ணின் விழித்திரையில் நடக்கும். விழித்திரைக்கு வலி தெரியும் நரம்பு கிடையாது. அது வேகும்போது ‘சுரீர்’ என்று எதுவும் தோன்றாது. பார்க்கிறவன் சிரித்துக்கொண்டேதான் பார்த்துக்கொண்டிருப்பான். பார்வையின் நடுவே கரும்புள்ளி விழுந்திருப்பது சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் தெரியும்.

அலங்காரப் பொருள் என்று பெட்டியில் அச்சடித்திருக்கலாம். உள்ளே இருப்பது கண்ணாடி லென்ஸ். மேகத்துக்குப் பின்னால் இருக்கும் சூரியன், மலைக்குப் பின்னால் இறங்குகிற சிவந்த சூரியன், இவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கண்ணுக்கு இதமாகத் தெரிகிறது என்பதால் அது பாதுகாப்பானது ஆகிவிடாது.

எக்ஸ்ரே ஃபிலிம், வெல்டிங் கண்ணாடி, கிரகணக் கண்ணாடி எதையாவது வைத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். எக்ஸ்ரே ஃபிலிமும், புகையேற்றிய கண்ணாடியும், சி.டி. தட்டும் வெறுங்கண்ணுக்கே உதவாதவை. வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டினாலும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களை உள்ளே விட்டுவிடும்.

கிரகணக் கண்ணாடி விஷயத்தில்தான் படித்தவர்களும் தவறு செய்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற தரம் குறித்த கண்ணாடி நல்லதுதான், ஆனால் அது வெறுங்கண்ணால் பார்ப்பதற்கு. அதைப் போட்டுக்கொண்டு டெலஸ்கோப்பில் கண் வைத்தால், லென்ஸ் திரட்டிய வெப்பம் அந்தப் படலத்தையே பொசுக்கி ஓட்டை போட்டுவிடும். சூரிய வடிகட்டி என்பது டெலஸ்கோப்பின் முன்வாயில், வெயில் உள்ளே நுழைவதற்கு முன்பே தடுக்கும்படி இறுக்கமாகப் பொருந்த வேண்டும். இந்தப் பித்தளைக் குழாய்களுக்கென்று அளவெடுத்துச் செய்த அப்படி ஒன்று எங்கள் கடையில் கிடையாது. சில பழைய மாடல்களில் கண் வைக்கும் பக்கம் கறுப்புக் கண்ணாடி ஒன்று நகர்ந்து மூடும்படி இருக்கும். சூடேறினால் அது கண்ணுக்கு நேராகவே விரிசல் விடும். அதையும் நம்பாதீர்கள்.

2010 ஜனவரி 15-ல் திருவனந்தபுரம், கன்னியாகுமரி, ராமேஸ்வரம் பக்கம் வளைய கிரகணம் தெரிந்தது. இனி 2031 மே 21-ல் கேரளத்தையும் தென் தமிழகத்தையும் கடந்து இன்னொன்று வருகிறது. அன்றைக்கு டெலஸ்கோப்பைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அடுக்களையிலிருந்து பூந்திக் கரண்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வாருங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, கரண்டியின் நிழலைத் தரையில் விழ வையுங்கள். கரண்டியின் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு குட்டிப் பிறை விழும். நூறு சூரியன் ஒரே கரண்டியில். குழந்தைகள் கத்தித் தீர்ப்பார்கள். வேப்ப மரத்தடியில் இலை இடுக்கு வழியாகவும் அதே பிறைகள் தரையெல்லாம் சிதறிக் கிடக்கும்.

என் மகன் தெரியாமல் பார்த்துவிட்டான். வலி இல்லை என்கிறான். என்ன செய்ய?

வலி இல்லை என்பதை வைத்து ஒன்றும் தீர்மானிக்காதீர்கள். அன்றைக்கே கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நம் பக்கத்தில் திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. நடுவில் கரும்புள்ளி, நேர்கோடு வளைந்து தெரிவது, நிறம் மங்குவது, இவை இருக்கிறதா என்று ஒவ்வொரு கண்ணாக மூடிக் கேளுங்கள். காலண்டரில் கட்டம் போட்ட தாளைக் காட்டிக் கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். சிலருக்குச் சில மாதங்களில் பார்வை பெருமளவு திரும்புகிறது, சிலருக்குப் புள்ளி அப்படியே நின்றுவிடுகிறது. வெந்த இடத்தைப் பழையபடி ஆக்க நிச்சயமான மருந்து என்று ஒன்று இல்லை. வீட்டு வைத்தியமாகத் தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று எதையும் ஊற்றாதீர்கள்.

ஹாலில் ஜன்னலோரம் வைத்தால் அழகாக இருக்கும். வைக்கலாமா?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

மாடி ஹாலில் கிழக்கு ஜன்னலுக்கு எதிரே மூன்று கால் டெலஸ்கோப் ஒன்றை வைத்திருந்தேன், குழாய் கொஞ்சம் மேல்நோக்கி. முந்தின நாள் தங்கை மகள் கண் வைக்கும் பகுதியைத் திருகிக் கழற்றி விளையாடிவிட்டு மேசையிலேயே வைத்திருக்கிறாள். முன் மூடியும் போடவில்லை. மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். கருகல் வாடை. இட்லித் துணி அடுப்பில் பட்டுவிட்டதோ என்று மனைவி கீழே ஓடினாள். வாடை வந்தது மேசை மேல் கிடந்த செய்தித்தாளிலிருந்து. மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம், நடுவில் கறுப்பு, அதிலிருந்து நூல் மாதிரிப் புகை. கையால் மறைத்தேன். உள்ளங்கையில் சுட்டது. வெயில் டெலஸ்கோப்பின் முன் லென்ஸ் வழியாக உள்ளே போய், திறந்து கிடந்த பின்பக்கம் வழியாக வெளியே வந்து, அந்த இடத்தில் குவிந்திருந்தது. பக்கத்திலேயே ஜன்னல் திரை. நாங்கள் கோயிலுக்குக் கிளம்பிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். நேர் வெயில் எந்த நேரத்திலும் விழாத இடத்தில் வையுங்கள். ஒரு நாள் பார்த்துவிட்டு ‘இங்கே வெயில் வராது’ என்று முடிவு கட்டாதீர்கள். தையில் தெற்கே சாய்ந்து வருகிற வெயில் ஆனியில் வடக்கே போய்விடும். மார்கழியில் வெயில் படாத மூலை வைகாசியில் படும். பார்க்காத நேரத்தில் முன் மூடி எப்போதும் போட்டிருக்க வேண்டும். மூடி தொலைந்துவிட்டால் தடித்த துணியில் சுருக்குப்பை தைத்து மாட்டிவிடுங்கள். குழாயை வெளியே பார்த்து நிறுத்தாமல் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள், சற்றுக் கீழ்நோக்கி.

கிழக்கு ஜன்னல் வேண்டாம் என்று நான் சொன்னால் சிலர் வாஸ்துவா என்று கேட்கிறார்கள். வாஸ்து இல்லை, வெயில்தான்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. பயமில்லையா?

மூன்று கால் மாடலுக்குத்தான் பயம். பித்தளை கனம். குழாய் மட்டுமே இரண்டு கிலோ போகும் மாடல் உண்டு, அந்தக் கனம் முழுவதும் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. நடை பழகும் குழந்தை ஒரு காலைப் பிடித்து எழுந்தால் போதும், தலை மேல் சாய்ந்துவிடும். மூன்று காலையும் இணைக்கும் சங்கிலியை முழுக்க விரித்து வையுங்கள், வழவழப்பான டைல்ஸ் தரையானால் காலுக்கு அடியில் ரப்பர் வையுங்கள். ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால், குழாயைக் கழற்றி அலமாரி மேல் தட்டில் வைப்பதுதான் என் யோசனை. தாங்கி மட்டும் கொஞ்ச நாள் மூலையில் நிற்கட்டும்.

கையில் மடங்கும் வகையில், அடுக்குக் குழாயை ‘டப்’பென்று மூடும்போது விரல் தோல் சிக்கும். வாயில் வைக்கவும் விடக்கூடாது. செம்பும் துத்தநாகமும் சேர்ந்ததுதான் பித்தளை என்றாலும், கடைசலுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்று சிறிது காரீயமும் சேர்ப்பது உண்டு. மேலே பச்சையாகப் பூக்கும் களிம்பும் நஞ்சு. வெள்ளீயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்காதே என்று ஆச்சி சொன்னது எதனாலோ, அதே காரணம்தான். தொட்டு விளையாடினால் சாப்பிடுவதற்கு முன் கை கழுவச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே தூரம் தெரியுமா, இல்லை வெறும் பொம்மையா?

தெரியும். ஆனால் வாங்கும்போது கடைக்கு வெளியே வந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். நான் எல்லோரையும் வாசலுக்குக் கூட்டிவந்து, தூரத்தில் சுற்றுகிற காற்றாலையைக் காட்டிப் பார்க்கச் சொல்வேன். இறக்கையின் விளிம்பு பிசிறில்லாமல் தெரிந்தால் லென்ஸ் சரி. விளிம்பில் நீலமும் மஞ்சளுமாக வானவில் ஓடினால், முன்பக்கம் ஒற்றைக் கண்ணாடி என்று அர்த்தம். வெவ்வேறு நிறங்களை ஒற்றை லென்ஸால் ஒரே இடத்தில் குவிக்க முடியாது. இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்து அந்தக் குறையைப் போக்கும் லென்ஸுக்குத்தான் 1758-ல் லண்டனில் ஜான் டாலண்ட் காப்புரிமை வாங்கினார்.

ஒற்றை லென்ஸ் என்றாலும் மனம் தளர வேண்டாம். இதற்கு ஒரு எளிய கைவேலை இருக்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் முன்வாய் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, நடுவில் இருபது மில்லிமீட்டருக்கு ஓட்டை போட்டு, முன் லென்ஸ் மேல் பொருத்துங்கள். வெளிச்சம் குறையும், ஆனால் நிறப் பிசிறு அடங்கி உருவம் கூர்மையாகும். நான் முதல் தடவை இதைச் செய்து பார்த்தபோது குற்றாலம் மலை மேல் ஒரு தனி மரத்தின் கிளைகள் பிரிந்து தெரிந்தன. அதுவரை அது பச்சைத் திட்டாகத்தான் இருந்தது. கலிலியோவும் தன் லென்ஸின் ஓரத்தை இப்படி மறைத்துத்தான் பார்த்தார். 1610 ஜனவரியில் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது இருபது மடங்கு பெரிதாக்கும் குழாயில்தான். உங்கள் வீட்டில் நிற்பது அதற்கு ரொம்பக் குறைந்ததில்லை.

எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது. பழுதா?

இல்லை. இருபக்கமும் குவிலென்ஸ் வைத்த டெலஸ்கோப்பில் உருவம் தலைகீழாகத்தான் விழும். கெப்ளர் 1611-ல் சொன்ன அமைப்பு அது. வானத்தைப் பார்க்க அது ஒரு குறையே இல்லை. கப்பல்காரர்கள் வைத்திருந்த அடுக்குக் குழாய் வகையில், நடுவே இரண்டு லென்ஸ் கூடுதலாக வைத்து உருவத்தை நிமிர்த்தியிருப்பார்கள். நேராகத் தெரிந்துகொண்டிருந்தது திடீரென்று தலைகீழானால், யாரோ கழற்றி மாட்டும்போது அந்த நடு லென்ஸ் குழாயை விட்டுவிட்டார்கள். பெட்டியில் தேடுங்கள்.

ஒன்றுமே தெரியவில்லை, மங்கலாக வட்டம் மட்டும் தெரிகிறது.

முன் மூடியைக் கழற்றினீர்களா என்று முதலில் கேட்பேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், பாதிப் பேருக்கு அதுதான். பிறகு, எல்லா அடுக்கையும் கடைசி வரை இழுத்துவிட்டு, கண் பக்கத்துக் கடைசிக் குழாயை மட்டும் மயிரிழை மயிரிழையாக உள்ளே தள்ளுங்கள். பகலில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற கோபுரத்தையோ செல்போன் டவரையோ வைத்துப் பழகுங்கள். அந்த நிலையில் குழாயில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக்கொண்டால் ராத்திரி எளிது. கையில் பிடித்தபடி இருபது மடங்கு பார்க்க முடியாது, இதயத் துடிப்புக்குக்கூட ஆடும். கைப்பிடிச் சுவரில் மடித்த போர்வை மேல் கிடத்திப் பாருங்கள்.

புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வருமே?

வரும், அதோடு டெலஸ்கோப்பும் போகும். பாத்திரக்கடைக்காரன் சொல்கிறேன், புளிக்கு நான் எதிரி இல்லை. விளக்குக்கும் குடத்துக்கும் அதைவிட நல்லது எது? ஆனால் குடத்துக்கு மரை கிடையாது, லென்ஸ் கிடையாது, அலசி வெயிலில் கவிழ்க்கலாம். டெலஸ்கோப்பில் புளித்தண்ணீர் மரை இடுக்கில் புகுந்து தங்கிவிடும். ஒரு மாதத்தில் பச்சை பூத்து, குழாய் திருகவே வராது. அதோடு புளியும் எலுமிச்சையும் மேற்பரப்பில் இருக்கும் துத்தநாகத்தைத் தின்றுவிடும், செம்பு மட்டும் மிஞ்சும். தேய்த்த பித்தளை சில நேரம் இளஞ்சிவப்பாகத் தெரிவது அதனால்தான்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். பெரும்பாலான புதுக் குழாய்களுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத லேக்கர் பூச்சு இருக்கும். அடிப்பக்கம், யாரும் பார்க்காத இடத்தில், பித்தளை பாலிஷ் தொட்ட வெள்ளைத் துணியால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு வந்தால் வெறும் பித்தளை. வராவிட்டால் பூச்சு இருக்கிறது. பூச்சு இருந்தால் மெல்லிய காய்ந்த துணியால் துடைப்பது தவிர வேறு எதுவும் வேண்டாம். வெறும் பித்தளை என்றால் லென்ஸ் இரண்டையும் காகிதம் வைத்து ஒட்டி மறைத்துவிட்டு, துணியில் பாலிஷ் எடுத்துத் தேய்க்கலாம், வருடத்துக்கு இரண்டு முறை போதும். உள்ளே நுழைந்து வெளியே வருகிற வழுக்குக் குழாயில் மட்டும் பாலிஷ் பொடி படவே கூடாது. மணல் மாதிரி அராவிவிடும்.

வேண்டுமென்றே பழுப்பேற்றி ‘பழைய சாமான்’ தோற்றம் கொடுத்த மாடலைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, நிறம் போய்விட்டதே என்று கொண்டு வருகிறார்கள். அதைத் திரும்பக் கொடுக்க என்னால் முடியாது.

குழாய் இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் ஊர் வழக்கம். விடாதீர்கள். பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து, மெதுவாக லென்ஸுக்கு ஏறிவிடும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி துணியில் தொட்டுத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் அதையும் துடைத்தெடுத்தால் போதும்.

தொழுவத்துக்குப் பக்கத்து அறையில் வைக்கலாமா?

இப்படிக் கேட்டவர் ஒரே ஒருவர்தான், கேசவபுரத்து அக்கா. நல்ல கேள்வி. வைக்காதீர்கள். மாட்டு மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா பித்தளைக்கு ஆகாது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் இருந்த பட்டாளம், மழைக்காலத்தில் துப்பாக்கித் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் வைத்ததாகவும், பித்தளை உறைகள் தானாகவே வெடித்துக் கீறியதாகவும் உலோகப் பாடத்தில் சொல்வார்கள். மழைக்காலத்தில் வந்ததால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். காரணம் அம்மோனியா என்பது பிறகுதான் உறுதியாயிற்று. இழுத்து நீட்டிச் செய்த மெல்லிய குழாய்க்கு அதே ஆபத்து உண்டு. ஜன்னல் கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரேயிலும் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது, அதையும் இதன் மேல் அடிக்காதீர்கள்.

லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது.

பூஞ்சை. செங்கோட்டை, குற்றாலம், அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை எல்லாவற்றுக்கும் பொதுவான பிரச்சினை இது. ஆனி, ஆடியில் சாரல் பிடித்தால் துணியே இரண்டு நாள் காயாது, லென்ஸ் எப்படிக் காயும்? வெல்வெட் வைத்த மரப்பெட்டியும் தோல் உறையும் பார்க்க அழகு, ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தோலில் பதனிட்ட அமிலம் இருப்பதால் அதற்கு அடியில் பித்தளை பச்சையாகிவிடும். பெட்டியைத் தனியாக அலமாரியில் வையுங்கள். சாரல் காலம் முழுவதும் குழாயை இறுகி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஐந்தாறு போட்டு வைப்பது நல்லது. நிறம் மாறும் வகை கிடைத்தால் வாங்குங்கள், நிறம் மாறியதும் காய வைத்துத் திரும்பப் போடலாம்.

வெளிப்பக்கத் தூசியை முதலில் காற்றூதும் ரப்பர் குமிழால் ஊதுங்கள். பிறகு மூக்குக்கண்ணாடி துடைக்கத் தருகிற மெல்லிய துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு, அழுத்தாமல். வேட்டி முனையும் முந்தானையும் வேண்டாம், ஒரு மணல் துகள் போதும் கீறல் போட. பூஞ்சை உட்பக்கம் என்றால் கண்ணாடியைத் திருகிக் கழற்றுமுன், எந்தப் பக்கம் எங்கே பார்த்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் உருவம் கெட்டுவிடும். ஒட்டிய இரண்டு லென்ஸுக்கு நடுவில் பூஞ்சை போயிருந்தால் விட்டுவிடுங்கள்.

‘விக்டோரியன் மரைன் டெலஸ்கோப், லண்டன் 1915’ என்று செதுக்கியிருக்கிறது. பழம்பொருளா? விலை போகுமா?

விக்டோரியா ராணி 1901-லேயே காலமாகிவிட்டார். 1915-ல் விக்டோரியன் எப்படி வரும்? இந்த மாதிரிக் குழாய்கள் நம் நாட்டிலேயே, முராதாபாத் போன்ற பித்தளை ஊர்களில், இப்போது செய்யப்படுபவை. எழுத்தும் இப்போது போட்டதே. கைவேலை நன்றாகவே இருக்கும், அதற்குரிய விலைக்கு வாங்குங்கள், பழமைக்கென்று கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். எழுத்து கூர்மையாகவும் மற்ற இடம் தேய்ந்தும் இருந்தால் சந்தேகப்படலாம். உண்மையான பழைய குழாயில் கை படும் இடமும் எழுத்தும் சேர்ந்து தேய்ந்திருக்கும்.

நிஜமாகவே குடும்பத்தில் வந்த நூறு வருடத்துக்கு மேற்பட்ட டெலஸ்கோப் உங்களிடம் இருந்தால், 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டம் ஞாபகம் இருக்கட்டும். அப்படிப்பட்ட பொருளைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. அப்படி ஒன்று நம் பக்கத்து வீடுகளில் இருக்கவும் கூடும். செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தபோது, 1837-லேயே சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் வானம் பார்க்கும் ஆய்வுக்கூடம் கட்டி, ஜான் கால்டிகாட்டை அதற்குத் தலைவராக வைத்தார். இந்த மலையின் இருபக்கமும் வானம் பார்த்த ஊர்கள்தான்.

மொட்டை மாடியில் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அடுத்த வீட்டுக் கொல்லையும் ஜன்னலும் தெரியும்படி குழாயை நிறுத்தாதீர்கள். ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை மறைந்து பார்ப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவின்படி குற்றம், முதல் தடவைக்கே ஒரு வருடத்துக்குக் குறையாத சிறை. முதல் நாளே அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை மாடிக்கு அழைத்து நிலாவைக் காட்டுங்கள். எங்கள் தெருவில் அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

கண்ணாடி போட்டவர்கள் எப்படிப் பார்ப்பது?

கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கழற்றிவிட்டு ஃபோகஸ் செய்துகொள்ளலாம், குழாயே சரி செய்துவிடும். சிலிண்டர் பவர், அதாவது ஒரு திசையில் மட்டும் மங்கித் தெரியும் குறை, இருந்தால் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். பித்தளை விளிம்பு கண்ணாடியைக் கீறாமல் இருக்க ரப்பர் வளையம் மாட்டுங்கள்.

முதல் ராத்திரி எதைப் பார்ப்பது?

நிலா. கண்ணுக்குக் கெடுதல் இல்லை, கூசினால் அந்த அட்டை வளையத்தைப் போடுங்கள். பௌர்ணமி வேண்டாம். அன்றைக்கு நிழலே இல்லாமல் வெள்ளைத் தட்டு மாதிரி இருக்கும். வளர்பிறை சப்தமி, அஷ்டமியில் சாயங்காலம் ஏழு மணிக்கு நிலா தலைக்கு மேல் நிற்கும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டில் கண்ணை வையுங்கள். அங்கேதான் பள்ளங்களின் விளிம்பு ஒரு பக்கம் வெயிலிலும் மறுபக்கம் நிழலிலும் நிற்கும். இட்லித் தட்டில் குழி தெரிகிறதே, அந்த மாதிரி.

சாரல் காற்று அடிக்கிற மாதங்களில் மாடியில் தாங்கி ஆடிக்கொண்டே இருக்கும், முற்றத்தில் தரையில் வையுங்கள். தை, மாசியில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். அப்போது கார்த்திகையைப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு ஆறு மீன், குழாயில் எண்ணி முடியாது. தெற்கே தாழ்வாக மின்னுகிற பெரிய வெள்ளை நட்சத்திரம் அகத்தியர். எவ்வளவு பெரிதாக்கினாலும் அது புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் பொதிகை மலைக்கு மேலே அதைப் பார்க்கிற ஊர் நம்முடையது.

பார்த்து முடித்ததும் குழாயில் பனி படிந்திருக்கும். உடனே டப்பாவில் போட்டு மூடாமல், விடியும் வரை ஹாலில் காற்றாடக் கிடத்திவிட்டு, வெயில் உள்ளே வருவதற்கு முன் மூடியைப் போடுங்கள்.